ஓர் இடைவெளியின் விலை

ஈய எழுத்துகளைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய காலத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தேன். கணினித் திரையிலே பக்கம் வடிவமைக்கும் காலத்தில் ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட ஆண்டுகளில் பிறர் எழுத்தில் நான் திருத்திய பிழைகளுக்குக் கணக்கில்லை. அப்படிப்பட்டவன் ஒரேயோர் இடைவெளியைக் கவனியாது விட்டு எதை இழந்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டுமென நெடுநாளாக நினைத்திருந்தேன். லினக்ஸ் பழக முனையும் என் வயதினர் எவருக்கேனும் இது பயன்படக்கூடும்.

2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டதும் யாழ்ப்பாணக் குடாநாடு தரைவழித் தொடர்பற்றுப் போயிற்று. கப்பலில் வந்த பொருள்களுக்காக வரிசையில் நின்றோம். அச்சுத்தாளுக்குத் தட்டுப்பாடு வந்து பத்திரிகைகளின் பக்கங்கள் சுருங்கின. என் வீட்டுக் கணினியில் இருந்ததோ களவாகப் படியெடுத்த விண்டோஸ். வைரஸ் புகுந்து அது நாளுக்கொரு தடவை முடங்கியது. திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்பும் வழியும் இல்லை.

அயல்வீட்டுத் தம்பி ஒருவர், தொழில்நுட்பக் கல்லூரி மாணவர், ஒருநாள் மாலை ஓர் இறுவட்டைக் கொண்டுவந்தார். உபுண்டு 6.06. அந்த ஆண்டு ஜூனில் வெளியான பதிப்பு.

“இதைப் படியெடுத்து ஆருக்கும் குடுக்கலாம், ஐயா. களவில்லை” என்றார்.

நான் நம்பவில்லை. பின்னரே வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஓர் இயங்குதளத்தை ஆக்கப்போவதாக அறிவித்தார். அந்தப் பணிக்கு ‘குனூ’ எனப் பெயரிட்டார். 1991 ஆகஸ்டில் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வயது இருபத்தொன்றில், அத்தகைய தளத்துக்கு வேண்டிய கருவை எழுதிக்கொண்டிருப்பதாக உலகுக்குத் தெரிவித்தார். இவ்விரண்டும் சேர்ந்ததே நாம் லினக்ஸ் என அழைப்பது. பொருளாதாரத் தடைகளுக்குள் வாழ்ந்து பழகிய எமக்கு, தடையின்றிக் கைமாறும் பொருள் ஒன்று உலகில் உண்டென்பதே பெரும் செய்தியாக இருந்தது.

மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்துப் பாடம் நடந்தது. தம்பி முதலில் கற்பித்த கட்டளை ‘பிடபிள்யூடி’. இப்போது எந்தக் கோப்புறைக்குள் நிற்கிறோம் என்பதை அது சொல்லும். அடுத்தது ‘எல்எஸ்’. அங்கே என்னென்ன இருக்கின்றன என்று காட்டும். மூன்றாவது ‘சிடி’. வேறிடம் செல்ல உதவும். நான் எங்கே நிற்கிறேன், சுற்றிலும் யார், எவ்வழியே போகலாம் என்று கேட்டுக்கொண்டு நடப்பது அந்நாளைய யாழ்ப்பாணத்தவனுக்குப் புதிய பாடமன்று.

என்னை உண்மையில் கவர்ந்தது அனுமதி முறை. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழு, பிறர் என மூன்று தரப்பினர் உண்டு. ஒவ்வொரு தரப்புக்கும் வாசித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள். வாசித்தலுக்கு நான்கு, எழுதுதலுக்கு இரண்டு, இயக்குதலுக்கு ஒன்று என்று எண் கொடுத்துக் கூட்டவேண்டும். 644 என்றால் நான் வாசிக்கவும் எழுதவும் முடியும், மற்றவர்கள் வாசிக்க மட்டுமே முடியும். 600 என்றால் எனக்கு மட்டுமே. அக்கணினியில் மருமகனும் படித்து வந்தான். தனிக்கணக்கு வைத்திருந்தபோதும் என் கோப்புகள் இயல்பாகவே 644 ஆக, அவனும் வாசிக்கத்தக்கனவாக, இருந்தன என்பதை அன்றுதான் அறிந்தேன். எனக்குச் செய்தி சொன்னோரின் பெயர் வெளியே போனால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய காலம் அது. ‘சிஎச்மொட் 600’ எனத் தட்டிய இரவு ஓரளவு நிம்மதியாக உறங்கினேன்.

மறுநாள் தம்பி அந்த நிம்மதியைக் குலைத்தார். அதே இறுவட்டைச் செருகி, வன்தட்டைத் தொடாமல் இறுவட்டிலிருந்தே கணினியை இயக்கினார். நான் பூட்டிவைத்த கோப்புகள் யாவும் அவர் கண்முன் திறந்தன.

“இந்த அனுமதி ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்துக்குள்ள மட்டும்தான் காவல், ஐயா. தட்டைக் கழற்றிக்கொண்டு போறவனை அது மறிக்காது. மறைக்கவேண்டியதை மறையாக்கம் செய்யவேணும்” என்றார். அதற்கென ‘ஜிபிஜி’ என்ற கருவியையும் பழக்கினார். எந்தப் பூட்டு எதுவரை காக்கும் என்றறிவதே நிர்வாகத்தின் பாதி என்று விளங்கிற்று.

மறுபாதியை ‘சூடோ’ கற்பித்தது. முறைமை முழுவதையும் மாற்றக்கூடிய முதன்மைப் பயனரின் அதிகாரத்தை ஒரு கட்டளைக்கு மட்டும் கடனாகத் தருவது அது. பல லினக்ஸ் வகைகளில் அதை முதன்முறை பயன்படுத்தும்போது ஒரு சிற்றுரை தோன்றும். பிறர் அந்தரங்கத்தை மதி, தட்டுமுன் சிந்தி, அதிகாரம் பெரிதானால் பொறுப்பும் பெரிது என்பது அதன் சாரம். எந்தச் செய்தி ஆசிரியனும் தன் மேசைமேல் ஒட்டிவைக்கத்தக்க மூன்று விதிகள். இரண்டாவதை நான் மறந்தேன்.

2005, 2006ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பழைய அச்சுக்கோப்பாளர் சிலரைச் சந்தித்து அவர்கள் கதைகளைப் பதிவு செய்திருந்தேன். ஒலிநாடா கிடைப்பது அரிது. ஆகவே ஒருவர் பேசியதைத் தட்டச்சிட்டதும் அதே நாடாவில் அடுத்தவரைப் பதிந்தேன். தட்டச்சு முழுவதும் பாமினி எழுத்துருவில். அவ்வெழுத்துரு இல்லாத லினக்ஸில் திறந்தபோது தமிழ் காணாமற்போய் ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரிந்தது. மெய்யெழுத்தின் புள்ளி இருந்த இடமெல்லாம் அரைப்புள்ளி. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றத் தம்பி ஒரு சிறு நிரல் எழுதித் தந்தார். அது மாற்றும் முன் ஒவ்வொரு கோப்புக்கும் ‘.பாக்’ என முடியும் மூலப்படியொன்றை அருகிலேயே வைத்தது.

மாற்றம் முடிந்தது. திரையில் தமிழ் திரும்பிய மகிழ்ச்சியில் பழைய படிகளை அகற்ற எண்ணினேன். அகற்றும் கட்டளை ‘ஆர்எம்’. அதன்பின் உடுக்குறியையும் ‘.பாக்’ என்பதையும் ஒட்டி எழுதினால், அவ்வாறு முடியும் கோப்புகள் மட்டும் அழியும். மின்சாரம் போகுமுன் முடிக்கவேண்டுமென்ற அவசரத்தில் உடுக்குறிக்கும் புள்ளிக்கும் நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. உடுக்குறி தனித்து நின்றால் ‘இங்குள்ள எல்லாம்’ என்று பொருள். புதியன, பழையன யாவும் ஒரு நொடியில் அழிந்தன. ‘.பாக்’ என்றொரு கோப்பு இல்லையே என்று மட்டும் கணினி பதில் சொன்னது. உறுதிதானா என்று அது கேட்கவில்லை. குப்பைத்தொட்டியும் இல்லை.

தம்பி வந்து பார்த்தார். அன்றைய ஈஎக்ஸ்டி3 கோப்புமுறையில் அழித்ததை மீட்பது மிகக் கடினம். நெடுநேரம் முயன்றபின் தலையைக் குனிந்தவாறு, “படி வேற எங்கையும் வைக்கேல்லையே, ஐயா?” என்று கேட்டார்.

வைக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலானதைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் எழுதியவன் நான். ஒற்றைப் பிரதியாக இருந்தவை மீளவே இல்லை என்று ஆண்டுதோறும் புலம்பியவன். என் ஒற்றைப் பிரதிகளை நானே அழித்தேன். அதற்கு வேறெவரையும் குற்றம் சொல்ல வழியில்லை.

நான் மின்னஞ்சலில் நண்பர்களுக்கு அனுப்பியிருந்த இரண்டு நேர்காணல்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. சிலரை மீண்டும் போய்க் கேட்டேன். எல்லாரிலும் மூத்தவர் அதற்குள் காலமாகிவிட்டார். அவருடைய மகள், “அப்பா உங்களுக்குச் சொன்னதை ஒருக்கால் வாசிக்கத் தாறீங்களோ?” என்று கேட்டபோது கையில் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. நினைவில் நின்ற ஒன்றைச் சொன்னேன். ஈய அச்சில் சொற்களுக்கிடையிலான இடைவெளியும் ஓர் ஈயத்துண்டுதான். எழுத்தைப் போலவே அதையும் கையால் எடுத்து வைக்கவேண்டும். ஆகவே அறியாமல் இடைவெளி விழ வாய்ப்பில்லை என்று அவர் சிரித்தபடி சொல்லியிருந்தார்.

அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை தொடர்கிறது. ‘கிரோன்’ என்னும் காலக்காவலன் இரவுதோறும் ‘ஆர்சிங்க்’ மூலம் என் கோப்புகளை வேறொரு தட்டுக்குப் படியெடுக்கிறது. மற்றொரு படி கடல்கடந்து மகன் வீட்டில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பை மீட்டெடுத்துத் திறந்து பார்க்கிறேன். திறந்து பார்க்காத படியை நம்பக்கூடாது. எதையும் அழிக்குமுன், ‘ஆர்எம்’ இருக்கவேண்டிய இடத்தில் ‘எல்எஸ்’ என்று தட்டி எவை அகப்படுகின்றன என்று பார்த்துக்கொள்கிறேன். அதன்பின் கட்டளை வரியை, முன்பு மெய்ப்புப் பார்த்ததைப் போல, வாய்விட்டு ஒருமுறை வாசிக்கிறேன். இடைவெளிகளையும் சேர்த்து.