ஆறாத புண்

எமது ஊராகிய நைனார்பாளையத்தில், கரும்பு வெட்டுங்கால் கையிற் கத்தி படுதல் புதுமையன்று. வரப்போரத்து வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்துவிட்டு மீண்டும் வேலையிற் புகுவர். பத்து நாளில் தழும்பு மட்டும் எஞ்சும். ஆகவே, எம் அத்தையாருக்கு மார்பிற் கண்ட புற்றுநோய் கதிர் வைத்தியத்தால் நீங்கிய பின், ஓராண்டு கழித்து அவ்விடத்தே ஒரு சிறு புண் தோன்றி, மாதக் கணக்கில் ஆறாதிருந்தமை வீட்டாருக்கு விளங்கவேயில்லை. நோய் திரும்பிற்றென்றனர் சிலர். பத்தியம் தவறிற்றென்றனர் வேறு சிலர். அத்தையாரோ, “ஏன் தம்பி, காலேஜில் படிக்கிறாயே, இது ஏன்டா ஆறமாட்டேன் என்கிறது?” என்று எம்மையே வினவினார். தொல்காப்பியத்தில் இதற்கு விடை ஏது! நூல்நிலையத்தில் வேறு அலமாரியை நாடினோம்.

நெருப்பினால் உண்டான காயம் நாளடைவில் உள்ளே தணிந்துவிடும் என்பது வள்ளுவனார் துணிபு. கதிர் சுட்ட புண்ணுக்கு அவ்விதி செல்லாது. கதிர், தோலைக் கடந்து சென்று, உயிரணுக்கள் பிரிந்து பெருகும் ஆற்றலைக் கெடுக்கின்றது. சதைக்கு நார் நெய்து தரும் அணுக்கள் நலிகின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்கள் மாதங்களும் ஆண்டுகளும் செல்லச் செல்லச் சுருங்கி, பிராணவாயு குறைகின்றது. உழுவாரும் குன்றி, வாய்க்காலும் தூர்ந்த வயலில் விளைச்சல் ஏது?

கதிரை ஆராய்ந்தவரே இதனைத் தம் உடலிற் கண்டனர். பெக்கரல் என்பார் சட்டைப்பையில் இரேடியக் குழாயொன்றை வைத்திருந்து புண்பட்டார். பியர் கியூரியோ வேண்டுமென்றே தம் கையில் அதனைக் கட்டிப் பார்த்தார். 52 நாள் கழிந்தும் அப்புண் முற்றும் ஆறவில்லை. இருவரும் இதனை 1901-இல் வெளியிட்டனர். நம் நாட்டில், 1968-இல் வாங்கப்பெற்று நெடுங்காலம் முடங்கிக் கிடந்த ஆய்வுக் கருவியொன்று 2010-இல் பழைய இரும்பாக ஏலம் போயிற்று. தில்லி மாயாபுரியில் அதனை உடைத்தோர் கோபால்ட் 60-இன் கதிருக்கு ஆளாயினர். ஒருவர் உயிர் துறந்தார்.

வைத்தியர் முதலிற் புண்ணின் துணுக்கைச் சோதித்து, புற்று மீளவில்லை என உறுதி செய்தல் வேண்டும். அத்தையாருக்கும் அவ்வாறே செய்தனர். அன்றிரவுதான் வீட்டார் வயிறார உண்டனர். அழுத்தம் மிகுந்த அறையில் நோயாளியை இருத்திப் பிராணவாயு ஊட்டும் முறை ஒன்றுண்டு. பென்டாக்ஸிஃபைலின் என்னும் மருந்தை வைட்டமின் ஈ-யுடன் கொடுப்பதுமுண்டு. பலன் எல்லார்க்கும் ஒருபடித்தன்று. பிரான்சு தேசத்தார் விபத்திற் கதிர்பட்டவர்க்கு எலும்பு மச்சையின் மூல அணுக்களையும் செலுத்திப் பார்த்துள்ளனர்.

அத்தையாருக்குக் கைகொடுத்தது சஸ்திர வைத்தியமே. இரத்தம் வற்றிய இடத்தில் வெறுந்தோலை ஒட்டினால் பிடிக்காதாம். ஆதலின், கதிர் படாத முதுகுச் சதையை அதன் இரத்தக் குழாய் அறாமலே திருப்பிக் கொணர்ந்து, பழுதுற்ற பகுதியை அகற்றிய குழியில் தைத்தனர். நீர்மடையோடு நிலத்தைப் பெயர்த்து வைத்தாற்போன்ற வேலை! ஐந்தாம் வாரம் கட்டு அவிழ்க்கப்பட்டது. அக்கையால் பளு தூக்கலாகாது என்பது வைத்தியர் ஆணை. மரவள்ளி பிடுங்குங் காலத்தில் அவரை வரப்பில் உட்கார்த்தி வைப்பதே எமக்குப் பெரும்பாடாயிற்று.