மூலையில் கால் பூ

மார்கழி 12

தரைக்குப் பூ வரைய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பூவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கல்லின் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல்லையே எடுத்துக்கொள்வோம். தனிக்கல்லில் இருப்பது மூலைக்கொரு கால் பூவும், விளிம்பின் நடுவில் வந்து நிற்கும் கொடியும்தான். நான்கு கல் கூடினால் மூலைகள் சேர்ந்து முழுப்பூவாகும். கொடி அடுத்த கல்லுக்குள் ஓடும். அது விளிம்பைத் தொடும் இடம் நூலளவு பிசகினாலும் கூடம் முழுக்க முறிவு தெரியும். புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்குத்தான் இது: முதலில் புள்ளி, பிறகே தாமரை.

செய்முறையும் இதையே சொல்கிறது. கண்ணாடித் தட்டின்மேல் சட்டம் வைத்து, அதனுள் உலோகத் தகட்டு அச்சை இறக்கி, அச்சின் அறைக்கொரு நிறமாகச் சிமெண்டும் ஆக்சைடும் கலந்த குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த சிமெண்ட்-மணல் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பிச் சமன் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைக்கிறார்கள். சூளை கிடையாது; வழவழப்பைத் தருவது கண்ணாடி. இலையின் மெல்லிய நரம்புகளைத் தகட்டில் வளைத்து எடுக்க முடியாது. அதனால் இலை தன் புறக்கோடாகச் சுருங்குகிறது. திரும்பத் திரும்ப வந்தாலும் கண்ணுக்குச் சலிக்காமலிருப்பது அந்தச் சுருக்கத்தால்தான்.

மார்கழி 13

டிஜிட்டல் அச்சு ஓடுகளில் இலை நரம்பென்ன, பனித்துளியே வருகிறதே என்பார்கள். வரும். ஆனால் நாலைந்து மாதிரிகளை மாற்றி மாற்றி அச்சடித்தாலும், பூச்சி அரித்த ஓட்டையோடு அதே இலை கூடமெங்கும் திரும்ப வரும்போது இயற்கை போய்ப் படம்தான் மிஞ்சுகிறது. ஓட்டின் மேல்தோலில் மட்டும் இருக்கும் அந்தப் படம் தேய்ந்தால் போய்விடும்; ஆத்தங்குடிக் கல்லில் நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது. எலுமிச்சைச் சாறு சிந்தினால் தடம் விழும் என்ற குறை உண்மை, சமையலறைக்கு யோசிக்கத்தான் வேண்டும். சிமெண்ட் கல்லே 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பிறந்த தொழில், இதில் என்ன மரபு என்ற கேள்வியும் உண்டு. தொழில் வந்தது உண்மை. ஆனால் ஆத்தங்குடிக் கைவினைஞர்கள் உள்ளூர் மணலில் அதைத் தங்களுடையதாக்கித் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். எனக்கு அது போதும்.

கல் வாங்கப் போகிறவர்கள் ஒற்றைக் கல்லைப் பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள். ஒன்பது கல் கேட்டு வாங்கித் தரையில் பரப்பி, நின்று பாருங்கள்.