பழைய மஸ்டாங் வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு த்ரெட்

போன மாசம் நைட் டூட்டியில் இருக்கும்போது ஒரு வீடியோ கால். டல்லாஸில் இருக்கும் என் சித்தப்பா மகன்.

"அண்ணே, 1966 மஸ்டாங். சிவப்பு கலர். வி8. இன்னொருத்தர் நாளைக்கு பாக்க வர்றாராம். இப்பவே அட்வான்ஸ் கொடுத்துடவா?"

கேமராவைத் திருப்பினான். பின் சீட்டில் அவனோட ஆறு வயசு மகள் உட்கார்ந்து எனக்கு டாட்டா காட்டினா. "பெரியப்பா, இதுல தான் இனிமே ஸ்கூலுக்குப் போவேன்!"

நான் கார் பைத்தியம் என்பதால்தான் கேட்டான். ஆனா அந்தப் பின் சீட்டைப் பார்த்ததும் எனக்குள்ள இருந்த கேசுவாலிட்டி டாக்டர் முழிச்சுக்கிட்டான். அன்னிக்கு அவனிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதுறேன். உங்க வீட்டிலும் யாராவது அமெரிக்காவில் இருந்துக்கிட்டு இந்த ஆசையில் இருக்கலாம்.

முதலில் ஒண்ணு. ஆசை தப்பே இல்லை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு இந்தக் காரை அறிமுகப்படுத்தியது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே சுமார் 22,000 ஆர்டர். ஒரே வருஷத்தில் நாலு லட்சத்துக்கும் மேல் வித்தது. அவ்வளவு வித்ததால்தான் இன்னிக்கும் கதவுக் கைப்பிடி முதல் எஞ்சின் பாகம் வரை புதுசா கிடைக்குது. பழைய அமெரிக்கன் கார்களில் பராமரிக்க லேசானது இதுதான்.

இப்போ என் துறைக்கு வரேன்.

அமெரிக்காவில் கார்களுக்கான மத்திய அரசின் பாதுகாப்பு விதிகள் 1968 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தன. முன் சீட்டுக்கு தோள் பெல்ட் (கன்வெர்ட்டிபிளுக்கு விலக்கு), மோதினால் அமுங்கும் ஸ்டியரிங் எல்லாம் அப்போதான் கட்டாயம். தலைக்குப் பின்னாடி இருக்கும் ஹெட் ரெஸ்ட் 1969-ல் தான். 1966 கார் இதுக்கெல்லாம் முந்தையது.

அந்தக் காரின் ஸ்டியரிங் தண்டு ஒரே நீள இரும்பு. அதன் மறுமுனை முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கு. நேருக்கு நேர் மோதினால் முன்பக்கம் நசுங்கி, அந்தத் தண்டு ஓட்டுறவர் நெஞ்சை நோக்கி வரும். தோள் பெல்ட் இல்லாததால் அவரும் அதை நோக்கிப் போவார்.

நம்ம ஊர் பழைய வேன், லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்கில் மோதி வரும்போது நான் பார்த்திருக்கேன். வெளியே ஒரு கன்னிப்போன தடம் மட்டும் இருக்கும். ஆள் பேசிக்கிட்டே இருப்பார், தண்ணி கேப்பார். உள்ளே கல்லீரல் கிழிஞ்சிருக்கும். சில சமயம் மகாதமனியே.

பின் சீட்டில் இடுப்பு பெல்ட் மட்டும்தான். ஆறு வயசுக் குழந்தைக்கு அந்த பெல்ட் இடுப்பு எலும்பில் நிக்காது, வயித்துக்கு ஏறிடும். வண்டி சட்டுனு நின்னா உடம்பு அந்த பெல்ட் மேல ரெண்டா மடியும். குடல் கிழியலாம், முதுகெலும்பு உடையலாம். பூஸ்டர் சீட் போட்டா சரியாகிடுமேன்னு கேப்பீங்க. பூஸ்டருக்கு தோள் பெல்ட் கட்டாயம் வேணும். இதில் அது கிடையாது.

"அந்தக் காலத்து இரும்பு அண்ணே, டேங்க் மாதிரி இருக்கும்" என்றான். எல்லாரும் சொல்றதுதான். 2009-ல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் ஒரு சோதனை செய்தது. 1959 செவர்லே பெல் ஏர், 2009 செவர்லே மாலிபு. ரெண்டையும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத விட்டாங்க. பெல் ஏரின் உட்புறம் அப்படியே நசுங்கியது, அதில் இருந்த பொம்மை மனிதனாக இருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பில்லை. மாலிபுவில் இருந்தவருக்கு காலில் காயம். வீடியோ இணையத்தில் இருக்கு, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

அடுத்து பெட்ரோல் டேங்க். இந்த மஸ்டாங்கில் டிக்கியின் தரையே டேங்கின் மேல்தகடுதான்! பின்னால் யாராவது பலமா இடிச்சா பெட்ரோல் டிக்கிக்குள் வரும். டிக்கிக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் உருப்படியான தடுப்பு இல்லை. இரும்புத் தகடு வாங்கி அடிச்சுக்கலாம், செலவும் பெருசில்லை. ஆனா செய்றவங்க குறைவு.

பிரேக்குக்கு ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். எங்கேயாவது ஒரு குழாய் வெடிச்சா நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. 1967 மாடலில் தான் இரட்டையாச்சு. இதையும் மாத்திக்கலாம், கண்டிப்பா மாத்தணும்.

புகை பத்தியும் சொல்லணும். பழைய எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நிறமில்லை, வாசனையில்லை. ஓட்டிட்டு இறங்கும்போதெல்லாம் தலைவலின்னா வெயில்னு நினைக்காதீங்க. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டும், நம்பாதீங்க. இந்த விஷத்தையும் ஆக்சிஜன்னு நினைச்சு கணக்கு போட்டுடும் அந்தக் கருவி. அதோட, பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அந்தத் தூசியை காத்தடிச்சு ஊதக்கூடாது.

சரி, காரை எப்படிப் பரிசோதிக்கணும்? நோயாளியைப் பார்க்கிற மாதிரிதான். முதலில் ஹிஸ்டரி. அது விஐஎன் நம்பரில் இருக்கு. முதல் எழுத்து வருஷம், அடுத்தது தொழிற்சாலை, அடுத்த ரெண்டு பாடி, ஐந்தாவது எழுத்து எஞ்சின். சி, ஏ, கே என்றால் பிறவியிலேயே வி8. டி என்றால் ஆறு சிலிண்டர். அப்புறம் சக்கரத்தில் நட்டு எண்ணுங்க. வி8-க்கு ஐந்து, ஆறு சிலிண்டருக்கு நாலு.

ஒரு காந்தத்தைத் துணியில் சுத்தி பாடி முழுக்க ஓட்டுங்க, குறிப்பா பின் சக்கரத்தைச் சுத்தி. ஒட்டலைன்னா அங்கே இரும்பு இல்லை, பெயிண்டுக்குக் கீழே பட்டிதான். கடைசியா முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காத்து வர்ற துவாரத்தில் ஒரு வாளித் தண்ணி ஊத்துங்க. உள்ளே டிரைவர் கால் பக்கம் தண்ணி சொட்டினால் அந்தத் தகடு துருப்பிடிச்சு ஓட்டையாகிடுச்சு. வெல்டிங்கைப் பிரிச்சுத்தான் சரி பண்ணணும், பெரிய வேலை. மஸ்டாங்கின் தீராத வியாதி இது.

(நம்ம ஊரில் வாங்கலாமான்னு கமெண்டில் கேக்கப் போறீங்க. 2021 விதிப்படி 50 வருஷத்துக்கு மேலான வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், நம்பரில் விஏ என்று வரும். ஆனா கண்காட்சி, ரேலி, சர்வீஸ், பெட்ரோல் போடன்னு சில காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். ஆபீஸ் போக முடியாது.)

மறுநாள் தம்பி காந்தத்தோட போனான். ஐந்தாவது எழுத்து டி. சக்கரத்தில் நாலே நட்டு. ஆறு சிலிண்டருக்கு வச்ச சின்ன பிரேக்கில் யாரோ வி8 எஞ்சினைத் தூக்கி வச்சிருக்காங்க. பின் சக்கரத்துக்கு மேல காந்தம் ஒட்டாமல் கீழே விழுந்துச்சாம். தண்ணி ஊத்தணும்னு கேட்டதுக்கு வண்டிக்காரர் கோவிச்சுக்கிட்டு கதவைச் சாத்திட்டார்.

இப்போ ஒரு 1968 பார்த்து வச்சிருக்கான். பிறவி வி8, முன்னாடி தோள் பெல்ட் இருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும், அவனும் அவன் வீட்டம்மாவும் மட்டும் போறதா எனக்கு சத்தியம் பண்ணியிருக்கான். பாப்பா என்னோட பேசி மூணு வாரமாச்சு.