என் தம்பி

சென்ற மாதம் புதுக்கோட்டை பஸ் நிலையத்து டீக்கடை ஒன்றில் நின்றிருந்தேன். "தம்பி, கொஞ்சம் நகர்ந்துக்கங்க" என்று ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார். எனக்கு வயது நாற்பத்தாறு. இருந்தாலும் எழுபது வயதுக்காரருக்கு நான் தம்பிதானே! எங்கள் சீமையில் முன்பின் தெரியாத இளையவனும் தம்பி. பெற்ற மகனும் தம்பி. இப்படி ஊருக்கே பொதுவாகிவிட்ட இந்தச் சொல், ஒரு காலத்தில் யாருக்குத் தம்பி என்பதையும் சேர்த்தே சொல்லிற்று.

பின் பிறந்தவன் ஆதலால் 'பின்'. அதற்கு முன்னே 'தம்' சேர்ந்து தம்பி ஆயிற்று என்று புலவர்கள் பிரித்துக் காட்டுவார்கள். 'தம்' என்பது படர்க்கை. ஆகவே தம்பி என்றால் அவருடைய தம்பி. என் தம்பியானால் எம்பி. உன் தம்பியானால் நும்பி. தகப்பனாருக்கும் இதே முறைதான்: எந்தை, நுந்தை, தந்தை. தாயாருக்கு யாய், ஞாய், தாய். முன்பின் அறியாத இருவர் அன்பினால் ஒன்றாவதைச் சொல்லும் குறுந்தொகையின் 40-ஆம் பாட்டில் யாய், ஞாய், எந்தை, நுந்தை நான்கும் வருகின்றன. உறவுக்கு உரியவர் யார் என்பது சொல்லின் உடம்பிலேயே இருந்தது.

கம்பரின் காவியத்திலும் எம்பி உண்டு. பிறகு தன்மையும் முன்னிலையும் வழக்கொழிந்து, படர்க்கை மட்டும் எஞ்சியது. இன்று எம்பி என்றால் டில்லிக்குப் போகிறவர் என்றுதான் நினைப்போம். 'என் தம்பி' என்பதையே பழைய கணக்கில் பார்த்தால், 'என்னுடைய அவருடைய தம்பி' என்றாகும்!

எனக்கும் ஒரு தம்பி உண்டு. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பு எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான் முதல் நபர். அவன் இரண்டாம் நபர். ஒரு கிணறும் ஐந்து தென்னை மரங்களும் எங்கள் பேச்சை நிறுத்திவிட்டன. யாராவது அவனைப் பற்றி விசாரித்தால், "அதை அவரைத்தான் கேட்க வேண்டும்" என்பேன். கூடப் பிறந்தவனை நானே படர்க்கையில் தள்ளியிருந்தேன்.

அன்று டீயைக் குடித்துவிட்டு, வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டு ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். இரண்டு பேருக்குமே பேச்சு வரவில்லை. பிறகு, "வாண்ணே" என்றான்.

முன்னிலை அவன் வாயிலிருந்துதான் முதலில் வந்தது. கிணற்றைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.