ஊர்க்காவலும் ஊர்ச்சபையும்

நம் கல்லூரி அன்னை விழாக்கோலம் பூண்டு நிற்கும் இவ்வேளையில், மலர்க் குழுவினர் எம்மையும் ஒரு கட்டுரை எழுதுமாறு பணித்தனர். ஆசிரியப் பெருந்தகைகளைப் பற்றியும், விளையாட்டுக் களத்து வெற்றிகளைப் பற்றியும், விடுதி வாழ்வின் குறும்புகளைப் பற்றியும் எழுத எம்மினும் தகுதியுடைய நண்பர் பலர் உளர். யாம் ஒரு தவணைக்காலம் ஊர்ச்சபை ஒன்றில் அங்கத்தவராயிருந்தோம். அங்கு கற்ற பாடம் எமக்குப் பெருமை தருவதன்று. ஆயினும், ஊர்ப்பணியில் இறங்கும் இளைய பழைய மாணவர்க்கு அது பயன்படலாம் என்றெண்ணி அதனையே எழுதத் துணிந்தோம்.

யாம் சிறுவராயிருந்த நாளில் ஊர்க்காவல் என்றால் அது விதானையார்தான். ஒருமுறை எம் பாட்டியாரின் செப்புக்குடம் களவு போயிற்று. விதானையார் துவிச்சக்கர வண்டியில் வந்தார், திண்ணையிலிருந்து வெற்றிலை போட்டார், இரண்டொரு வீட்டாரைப் பற்றி மெல்ல விசாரித்தார், போய்விட்டார். மறுநாட் காலையிற் குடம் கிணற்றடியில் இருந்தது. பொலிசாரை அக்காலத்தில் யாம் கண்டது திருவிழாக் கூட்டத்தில் மட்டுமே. 1963ஆம் ஆண்டில் தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது. முன்னையது பொற்காலம் என்று யாம் சொல்ல வரவில்லை. விதானையார் ஊரார் ஒவ்வொருவரையும் அறிவார். ஆனால் அவர் கணக்குக் காட்டியது மணியகாரருக்கே. வசதி படைத்தோர் குடம் விரைவிற் கிடைத்தது. வறியோர் குடம் பெரும்பாலும் கிடைத்ததில்லை. ஊரை அறிந்திருத்தல் வேறு, ஊருக்கு விடை கூறக் கடமைப்பட்டிருத்தல் வேறு என்பது அன்று எமக்கு விளங்கவில்லை.

இன்றைய பொலிஸ் சேவையின் வேர் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் உள்ளது. அடுத்த ஆண்டு பம்பாய்ப் பகுதியிலிருந்து வந்த ஜி. டபிள்யூ. ஆர். கம்பெல் என்பார் அதன் தலைமையை ஏற்றார். ஆங்கிலேயர் தம் நாட்டில் வைத்திருந்த முறை வேறு. அங்கே 1835ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டப்படி நகரசபைகள் தம் அங்கத்தவருள் சிலரைக் காவற்குழுவாக நியமித்தன. அக்குழுவே காவலரை அமர்த்தியது. இலண்டன் பொலிஸ் மாத்திரம் விலக்காக உள்நாட்டு மந்திரிக்குக் கட்டுப்பட்டிருந்தது. நமக்குக் கிடைத்ததோ கொழும்பிலிருந்து ஆளப்படும் பொலிஸ். ஆட்சி மாறியது; சுதந்திரமும் வந்தது; அந்த அமைப்பு மாறவில்லை.

இனி எம் கதைக்கு வருவோம். போர் முடிந்து பாதைகள் திறந்தபின் எம் ஊர் விரைந்து பட்டினமாயிற்று. அதன் பெயர் இங்கு வேண்டா. வடபுலத்தில் அத்தகைய ஊர்கள் பல. வங்கிகளும் லீசிங் கம்பெனிகளும் வந்தன. தனியார் கல்வி நிலையங்கள் பொழுதுபட்ட பின்னரும் வகுப்பு வைத்தன. மோட்டார் சைக்கிள்கள் பெருகின. ஊர் வளர்ந்த வேகத்தில் ஒழுங்கைகள் அகலவில்லை, விளக்குகளும் கூடவில்லை.

அக்காலத்தில் ஒருநாள் ஒரு தாயார் அயலவர் நால்வருடன் எம் வீட்டுக்கு வந்தார். தம் ஒழுங்கையின் முடக்கில் இருட்டியதும் இளைஞர் சிலர் கூடி நிற்பதாகவும், வகுப்பு முடிந்து வரும் பெண்பிள்ளைகள் அஞ்சுவதாகவும், அங்கே ஒரு விளக்குப் போட்டுத் தரவேண்டும் எனவும் மனுக் கொடுத்தார். யாம் அதனை வாங்கி வைத்தோம். அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து, சட்டமும் ஒழுங்கும் சீர்குலைந்தமை பற்றியும் பொலிசாரின் அசிரத்தை பற்றியும் அரைமணி நேரம் முழங்கினோம். பத்திரிகையில் எம் பெயர் வந்தது. தீர்மானம் ஏகமனதாய் நிறைவேறிற்று. அதன் பிரதி பொலிஸ் நிலையத்துக்குச் சென்றது. கிடைத்தது என்று பதிலும் வந்தது. விளக்குக்குரிய மனுவோ எம் கோவைக்குள் மூன்று மாதம் கிடந்தது.

மூன்றாம் மாதத்தில் ஓர் இரவு, அதே முடக்கில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ஒரு மாணவியின் சங்கிலியை அறுத்தனர். பிள்ளை விழுந்து வலக்கை முறிந்தது. அவள் அந்தத் தாயாரின் மகள். பரீட்சைக்கு ஆறு கிழமை இருந்தது. யாம் வைத்தியசாலைக்கு ஓடிச்சென்று, பொலிசார் இதற்கு விடை கூறியே ஆகவேண்டும் என்று தொடங்கினோம். அத்தாயார் எம்மைப் பேசவிடவில்லை. “ஐயா, நாங்கள் உங்களிட்டைப் பொலிசையோ கேட்டனாங்கள்? ஒரு லைற்றைத்தானே கேட்டனாங்கள்” என்றார். குரலை உயர்த்தவுமில்லை. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

வீதி விளக்கு, உடைந்த மதகு, பாழ்வளவுப் பற்றை, கட்டாக்காலி மாடு, சந்தை நெரிசல் ஆகியவற்றைக் கவனிப்பது சபையின் கடமை. ஊரின் பாதுகாப்பிற் பாதி இவற்றிலேயே அடங்கும். அப்பாதியை எம் மேசையில் உறங்க வைத்துவிட்டு, எம் கைக்கு எட்டாத மற்றப் பாதியைப் பற்றி யாம் பேசித் திரிந்தோம். பிறர் கடமையைப் பேசுதல் எளிது, கைதட்டலும் கிடைக்கும்.

நான்கு நாளில் விளக்குப் போடப்பட்டது. அதன்பின் யாம் தீர்மானப் பிரதியை அனுப்புவதை விட்டு, பொலிஸ் நிலையத்துக்கு நேரிற் சென்றோம். பொறுப்பதிகாரி நல்ல மனிதர்; ஓரளவு தமிழும் பேசுவார். “இருளான இடங்களின் பட்டியலைத் தாருங்கள், ரோந்து அவ்வழியாற் போகச் செய்கிறேன்” என்றார். மாதத்தின் முதற் சனிக்கிழமை மாலையில் அவரும், யாமும், மின்சார சபை உத்தியோகத்தர் ஒருவரும், பாடசாலை அதிபரும் ஒழுங்கைகளில் நடந்து பார்க்கும் வழக்கம் உண்டாயிற்று. அந்நடையில் மக்கள் தம் குறைகளைச் சொன்னார்கள். எங்கள் குறைகளையும் சொன்னார்கள். பொலிசாரின் குறைகளையும் சொன்னார்கள். ஏற்கப்படாத முறைப்பாடு ஒன்றைப் பற்றி ஒரு முதியவர் கேட்டபோது, அதிகாரி அவரை மறுநாள் நிலையத்துக்கு அழைத்துப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அயலூர்க் கோஷ்டிகளின் வாள்வெட்டுப் பயம் முற்றாக நீங்கியது என்று சொல்லமாட்டோம். பிள்ளைகள் தனியே வீடு திரும்பத் தொடங்கினர் என்பதைச் சொல்வோம்.

ஓராண்டு நிறையுமுன் அவருக்கு இடமாற்றம் வந்தது. புதியவர் மரியாதையாகத்தான் கேட்டார்: “சபைக்கு நான் கணக்குக் காட்டவேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?” எம்மிடம் விடையில்லை, சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சனிக்கிழமை நடை நின்றது. சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டங்கள் நடந்தன. ஆயின் அவற்றைக் கூட்டுவோர் பொலிசார். அங்கே அவர்கள் ஊரைப் பற்றி வினாவுவர். ஊர் அவர்களை வினாவுதல் வழக்கமன்று. ஒருவரது நற்குணத்தை மட்டும் நம்பி நின்ற ஏற்பாடு அவரது பெட்டி படுக்கையுடன் போய்விட்டது.

இக்குறை எம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில், சுமார் 97,000 நூல்கள் இருந்த யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. அது மாநகரசபையின் சொத்து. காவலுக்கென நகருக்கு வந்திருந்த பொலிசாரும் அவ்வழிவிற் பங்குகொண்டனர். நகரின் செல்வத்தைக் காக்கவோ, காவாது விட்டோரைக் கேள்வி கேட்கவோ நகரசபைக்கு அதிகாரம் இருக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் மாகாண சபைக்குப் பொலிஸ் அதிகாரத்தை எழுத்திற் கொடுத்தது. மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவையும் வகுத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அதில் ஊர்ச்சபைக்கு ஓர் ஆசனமில்லை. பின், 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், குப்பை கொட்டுவோரையும் வீதியில் துப்புவோரையும் தடுக்க யாழ்ப்பாண மாநகரசபை ஐவரை நீலச் சீருடையுடன் இறக்கியது. அச்சீருடை விடுதலைப் புலிகளின் காவற்றுறையினர் உடையை ஒத்தது என்ற குற்றச்சாட்டில் மாநகர முதல்வர் வி. மணிவண்ணன் கைதுசெய்யப்பட்டுப் பிணையில் விடப்பட்டார். குப்பை விவகாரம் நாட்டின் பாதுகாப்பு விவகாரமாயிற்று.

இவற்றைக் கண்டும் யாம் ஊர்ச்சபைக்குச் சீருடை வேண்டும், பொலிசாரை ஏவும் அதிகாரம் வேண்டும் என்று கேட்கவில்லை. அந்த அதிகாரம் இருந்த இடத்திலும் கேடு விளைந்ததுண்டு. 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்துக் காவற்குழு, சபையினர் சிலரைப் பற்றி விசாரித்த தன் பொலிஸ் தலைவரையே பதவியிலிருந்து இடைநிறுத்தியது. உள்நாட்டு மந்திரி தலையிட்டு அவரை மீண்டும் அமர்த்த நேர்ந்தது. 1964ஆம் ஆண்டின் பொலிஸ் சட்டம் அப்பழைய காவற்குழுக்களுக்கு முடிவு கட்டியது. எம்மைப் போன்ற சபையினர் கையில் பொலிசாரின் இடமாற்றமும் பதவியுயர்வும் இருந்திருப்பின், எம் முழக்கம் இன்னும் நீண்டிருக்கும். விளக்கு இன்னும் பிந்தியிருக்கும்.

யாம் வேண்டுவது கேட்கும் உரிமை ஒன்றே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பதிகாரி சபை முன் வந்து, எத்தனை முறைப்பாடு கிடைத்தது, எத்தனை முடிந்தது, எத்தனை கிடக்கிறது என்று பகிரங்கமாகச் சொல்லவேண்டும். முறைப்பாடு முறையிடுவோரின் மொழியிற் பதியப்படவேண்டும். எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் விடை வேண்டும். தனிப்பட்ட வழக்கு எதிலும் சபையினர் தலையிடலாகாது என்ற தடையும் உடன் இருத்தல் வேண்டும். அதே நாளில் சபையும் எழுந்து, எத்தனை விளக்கு எரியவில்லை, எத்தனை மனுக் கோவையிற் கிடக்கிறது என்று கணக்குக் காட்டவேண்டும். இரு திறத்தாரும் ஒரே அவையில் விடை கூறுவரேல், ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுத் தப்புதல் அரிதாகும்.

நம் கல்லூரி நமக்கு எத்தனையோ கற்பித்தது. பிழையை ஒப்புக்கொள்ளவும் கற்பித்தது. அதனைச் செய்யவே இக்கட்டுரை. அப்பிள்ளை அம்முறை பரீட்சை எழுதவில்லை. ஓராண்டு பிந்தி எழுதிச் சித்தியடைந்தாள். அந்த ஓராண்டுக்கு யாமும் கடன்பட்டவரே. இன்றும் அவ்வழியாற் செல்ல நேரின், முடக்கில் விளக்கு எரிகின்றதா என்று பார்த்துவிட்டே செல்வோம். எரியாவிடின் சபைக்கு எழுதுவோம். இளைய அன்பர்களே, நீங்கள் சபை ஏறும் நாளில், உங்கள் முன் வரும் மனுவில் என்ன கேட்டிருக்கிறது என்பதை முதலில் வாசியுங்கள்.

வாழ்க நம் கல்லூரி அன்னை!