ஆணியில் தொங்கும் குழல்கள்

பறிமுதல் செய்து வரிசையாகப் படுக்கவைத்த, காதைக் கிழிக்கும் சைலன்சர்கள் மேல் ரோடு ரோலர் ஏறுகிற படத்தை ஏதாவது ஓர் ஊர்ப் போலீஸ் அவ்வப்போது பத்திரிகைக்குக் கொடுத்துவிடுகிறது. படத்தில் அதிகாரிகள் இருப்பார்கள், ரோலர் இருக்கும். செய்துகொடுத்த ஆள் இருக்க மாட்டார். அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். யமஹா ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கும் நண்பன் புதுப்பேட்டைக்குக் கூட்டிப்போனான்.

மூன்றாவது ஆள் வந்தால் வாசலில் நிற்க வேண்டிய தகரக் கொட்டகை. உள்ளே பாய். அறுபதை ஒட்டிய வயது. நண்பனின் வண்டியைத்தான் முதலில் எடுத்தார். சைலன்சர் வாலில் இருந்த ஒற்றை போல்ட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த, சத்தத்தை அடக்கும் பேஃபிள் அசையவில்லை. ஆயில் கரி அதைக் கவ்விக்கொண்டிருந்தது. டீசல் ஊற்றி, சுற்றிலும் மெல்லத் தட்டி, பிளையரால் திருகித் திருகி இழுத்தார். உடம்பெல்லாம் துளை போட்ட குழல் ஒன்று வெளியே வந்தது. நாதஸ்வரத்துக்குத் தூரத்து உறவு. பாதித் துளைகளைக் காணோம், தார் அப்பியதுபோல் கரி. கேஸ் டார்ச்சைக் காட்டியதும் கரி கனன்று, கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன வண்டி. அந்த நாற்றம் என் வயதுக்காரர்களுக்கு வாசனை. தரையில் தட்டினார், பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. குழலைத் தூக்கி, துளைகள் வழியே வாசல் வெளிச்சத்தைப் பார்த்தார்.

“மாட்டவா, வேணாமா?”

நண்பன் வேண்டாம் என்றான். பாய் முகம் சுளித்தார். டூ-ஸ்ட்ரோக் வண்டியில் சைலன்சருக்குச் சத்தத்தை அடக்குவது மட்டும் வேலையில்லை. புகையோடு தப்பிக்கப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை, திரும்பி வரும் அழுத்த அலை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. வால் குழலைப் பிடுங்கினால் அந்தக் கணக்கு மாறும். பாய் சொன்னது இவ்வளவுதான்: “ஸ்டார்ட்டிங் புல்லிங் போயிடும் சார். பசங்க சத்தத்த ஸ்பீடுன்னு நெனச்சிக்கிறானுங்க.” அதன்பிறகு கார்ப்பரேட்டர் ஜெட் நம்பர் பற்றி இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

இப்போதைய புல்லட்டுகளில் பெரும்பாலும் இப்படி உருவ முடியாது. சைலன்சரையே அறுத்து, உள் தகடுகளை வெட்டியெடுத்து, மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். பாய் தகட்டை உருட்டிக் கூம்பு குழாய்களும் செய்கிறார். மெயின் ரோட்டுக் கடையொன்று அவற்றை 350 ரூபாய்க்கு வாங்கி, வெளிநாட்டு ஸ்டிக்கர் ஒட்டி 2,500-க்கு விற்கிறதாம். பில் கிடையாது. 175 சிசிக்கு மேற்பட்ட புது வண்டி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. ஒலி விதியை மீறி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதம். ஓட்டுகிறவன் கட்டுகிறான். ரெய்டு என்றால் தூக்கிப்போவது பாயின் வெல்டிங் செட்டை. ஸ்டிக்கர் ஒட்டியவர் அன்று ஷட்டரை இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகிறார். அந்த ரோலரை ஒருநாள் மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பினால் என்ன?

சுவரில் ஆணிக்கு ஒன்றாகக் குழல்கள் தொங்கின. ஒவ்வோர் ஆணிக்குக் கீழும் சாக்பீஸில் வண்டி நம்பர். கழற்ற நூறு, திரும்ப மாட்ட நூறு. நண்பனின் குழலும் ஓர் ஆணிக்குப் போனது.

கிளம்பும்போது ஒரு பெரியவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பாய் அவரை எதுவும் கேட்கவில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்தார், கை நேராக ஓர் ஆணிக்குப் போனது.

“காலேஜுக்குப் போயிருக்கான் பாய். வர்றதுக்குள்ள மாட்டிக் குடுத்துருங்க.”

குழலை எடுத்த பாய், சுவரில் இருந்த நம்பரை அழிக்கவில்லை.