ஒரு கையெழுத்து... ஒரு ஸ்டேப்ளர்!

பி.காம். முடித்துவிட்டு நான் சேர்ந்த முதல் கம்பெனியை ஒரு திங்கட்கிழமை காலையில் இழுத்து மூடினார்கள். நாற்பது பேர். ஆளுக்கொரு கவர். உள்ளே நாலு வரி, கீழே ஒரு கையெழுத்து. 'செட்டில்மென்ட் சார்?' என்றால், 'அப்புறம் பாக்கலாம்!'

வயிற்றெரிச்சலில் மேஜை மேலிருந்த ஸ்டேப்ளரைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பழி வாங்கினேனாம்! 'வாடா, அந்த ஆபீஸ் கண்ணாடியை உடைக்கலாம்' என்று அன்றைக்கு எவனாவது கூப்பிட்டிருந்தால், சத்தியமாகப் போயிருப்பேன்.

இராக் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஸ்டேப்ளர்தான் ஞாபகம் வரும்.

2003 மார்ச்சில் அமெரிக்கப் படை உள்ளே புகுந்தது. காரணம் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. ஏப்ரல் 9-ல் பாக்தாத்தில் சதாம் சிலை சரிந்ததை டி.வி.யில் பார்த்து, ஸ்கூல் பையனான நானும் கைதட்டினேன். வில்லன் அவுட், படம் முடிந்தது என்று நினைப்பு.

படமே அப்போதுதான் ஆரம்பம்! மே 23-ல் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் ஒரு உத்தரவு போட்டார். இராக் ராணுவம் கலைக்கப்பட்டது. சுமார் நாலு லட்சம் பேருக்கு வேலை காலி. தெருவில் இறங்கிக் கத்திய பிறகு, ஒரு மாதம் கழித்து உதவித்தொகை அறிவித்தார்கள். போன மானத்தை எந்தக் கவரில் வைத்துத் திருப்பிக் கொடுப்பது?

அவர்களில் பலர் கையில் இருந்தது ஸ்டேப்ளர் இல்லை, துப்பாக்கி. 'வாடா' என்று கூப்பிடவும் ஆள் இருந்தது. பிற்பாடு ஐ.எஸ். அமைப்பின் தளபதிகளில் சிலர், சதாமின் பழைய ராணுவ அதிகாரிகள்.

எல்லாப் பழியையும் அந்த ஒரு கையெழுத்து மேல் போட முடியாது. சதாம் காலத்திலேயே ஷியாக்கள் நிறைய அடி வாங்கியிருந்தார்கள். உள்ளே புகைந்துகொண்டுதான் இருந்தது. 2006 பிப்ரவரி 22-ல் சமாராவில் ஷியாக்களின் அல் அஸ்கரி மசூதியின் தங்கக் குவிமாடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது.

சன்னியும் ஷியாவும் சம்பந்தம் செய்துகொண்டு கலந்து வாழ்ந்த பாக்தாத் பேட்டைகளுக்கு நடுவே கான்கிரீட் சுவர் எழும்பியது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டை கேட்பார்கள். 'உமர்' என்ற பெயருக்காகவே செத்தவர்கள் உண்டு. பயந்துபோய்ப் பலர் இரண்டு பெயரில் இரண்டு அட்டை வைத்துக்கொண்டார்கள். எந்தச் சாவடியில் எதை நீட்டுவது? மாற்றி நீட்டினால் முடிந்தது கதை!

எனக்கு மூன்றாம் மாதமே வேறு வேலை கிடைத்தது. கோபம் இறங்கிவிட்டது. ஸ்டேப்ளர் இன்னும் மேஜையில் இருக்கிறது. பின் தீர்ந்து ரொம்ப நாளாச்சு.